முதுகு வலித்தது, தோளைத் திருத்தினார்கள்: மீராபாய் சானு – ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஏப்ரல் 5 அன்று ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு மேடையேறிய ஆறு தடவையும் பளு தலைக்கு மேல் போய் நின்றது. ஸ்னாட்ச் வகைத் தூக்கில் 86 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் வகையில் 110 கிலோ, இரண்டும் சேர்த்து மொத்தம் 196. 48 கிலோ எடைப் பிரிவில் காமன்வெல்த் தங்கம், கூடவே போட்டிச் சாதனை. அதற்கு முந்தைய நவம்பரில்தான் அமெரிக்காவின் அனாஹெய்மில் 194 கிலோ தூக்கி உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். கர்ணம் மல்லேஸ்வரிக்குப் பிறகு 22 ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு வந்த பட்டம் அது. 23 வயது. உச்சத்தில் இருந்தார்.

அடுத்த மாதமே கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. நவம்பரில் அஷ்காபாத்தில் நடந்த உலகப் போட்டிக்கும் போகவில்லை. மருத்துவர்கள் மாறி மாறிப் பார்த்தும் வலிக்கு இதுதான் காரணம் என்று யாரும் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை.

பதக்கக் கதையாக இதைப் பலர் எழுதியாயிற்று. நான் பார்க்க விரும்புவது வலியை. பளு தூக்குவதையே வாழ்க்கையாகக் கொண்ட ஓர் உடம்பு அன்றாட வலியோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறது, அந்த வலி எப்போது எல்லை மீறுகிறது, மீறியதை யார், எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்பதற்கு நம் நாட்டில் இவ்வளவு வெளிப்படையாகப் பதிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. இங்கே வரும் தகவல்கள் எல்லாம் அவரும் அவருடைய குழுவினரும் பொதுவெளியில் சொன்னவை, போட்டிப் பதிவேடுகளில் உள்ளவை. அவற்றை வைத்து நான் செய்யும் கணிப்புகள் என்னுடையவை.

சாதாரண நாளின் வலிகள்

மீராபாய் 1994 ஆகஸ்ட் 8 அன்று மணிப்பூரின் நோங்போக் காக்சிங் கிராமத்தில் பிறந்தவர். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. 2021இல் 49 கிலோ பிரிவில் இருந்தார். அந்த உடம்பு 2021 ஏப்ரலில் 119 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தியது. தன் எடையைப் போல் ஏறக்குறைய 2.4 மடங்கு.

இந்த விளையாட்டில் இரண்டே தூக்குகள். ஸ்னாட்ச்சில் கைகளை நன்றாக அகட்டிப் பிடித்து, தரையிலிருந்து ஒரே வீச்சில் பளுவைத் தலைக்கு மேல் கொண்டுபோய், அதற்கு அடியில் முழுதாகக் குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதலில் பளு தோளுக்கு வரும், பிறகு தலைக்கு மேல் போகும். இதைப் போட்டியில் ஆறு முறைதான் செய்கிறார்கள். பயிற்சியிலோ வாரத்தில் பல நாள், சில நாள் காலையும் மாலையும், வருடக்கணக்காக.

அப்படிச் செய்கிறவரின் உடம்பில் வலி குடியிருக்கும் இடங்களை வெளியில் இருப்பவர்கள் யூகிப்பது கடினம். எல்லோரும் முதுகையும் முட்டியையும்தான் நினைப்பார்கள். உண்மையில் முதலில் தண்டனை வாங்குவது கட்டைவிரல். கட்டைவிரலைப் பாரோடு, அதாவது பளு மாட்டிய இரும்புத் தண்டோடு, ஒட்டி வைத்து மற்ற விரல்களால் அதன் மேல் பூட்டுப் போடும் ஹூக் கிரிப் இல்லாமல் பெரிய எடையை வேகமாக இழுக்க முடியாது. ஆரம்ப மாதங்களில் சோறு பிசையக்கூட அந்த விரல் முனகும். டேப் சுற்றிக்கொண்டு பழகிவிடுவார்கள். காறை எலும்பின் மேல் பார் வந்து உட்காரும் இடத்தில் ஊதா நிறத்தில் கன்றிப் போயிருக்கும். முன்னங்கால் எலும்பில் பார் உரசிய கோடுகள். உள்ளங்கைக் காய்ப்பு ஒருநாள் அப்படியே உரிந்து வரும். அடுத்த இரண்டு நாள் குளிக்கும்போது எரியும். மணிக்கட்டு முழு எடையோடு பின்னால் வளைவதால் பாட்டில் மூடி திறக்கும்போது சுருக்கென்று குத்தும். முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் படியிறங்கும்போது ஞாபகப்படுத்தும். காலையில் எழுந்து பல் துலக்கக் குனிந்தால் இடுப்பு விறைத்திருக்கும்.

காலை விறைப்புக்கு ஒரு காரணம் உண்டு. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க்கோடு குனிந்தால் அதன் மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிடக் கூடுதல். எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே இதில் பெரும்பகுதி தணிந்துவிடும். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்கே பாரைப் பிடிக்கும் பிள்ளைகளிடம் இதை நான் விடாமல் சொல்வதுண்டு. அந்த அரைமணி நேர நடை சோம்பேறித்தனம் ஆகாது.

இந்த வலிகளின் அளவைக் காட்ட எனக்குப் பிடித்த ஆவணம் 1999இல் வெளியானது. அமெரிக்க ஒலிம்பிக் பயிற்சி மையங்களில் இருந்த பளுதூக்குபவர்களின் ஆறு ஆண்டுக் காயப் பதிவுகளை அதில் தொகுத்திருந்தார்கள். காயங்களில் ஏறக்குறைய 65 விழுக்காடு முதுகு, முட்டி, தோள் ஆகிய மூன்றே இடங்களில். 1,000 மணி நேரப் பயிற்சிக்கு 3.3 காயங்கள். ஆனால் இவற்றில் 90.5 விழுக்காட்டுக்கு ஒரு நாளோ அதற்கும் குறைவாகவோதான் பயிற்சியை நிறுத்தச் சொன்னார்கள். பத்தில் ஒன்பது வலிகள் ஆளைப் படுக்கப் போடாதவை. அதே சமயம் மருத்துவ அறைக்குப் போய்ச் சொல்லும் அளவுக்குத் தொந்தரவு தந்தவை. பளுதூக்குபவரின் வாழ்க்கை பெரும்பாலும் நடப்பது இந்த இடைவெளியில்தான். பின்னால் 2017இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் 1,000 மணி நேரத்துக்கு 2.4 முதல் 3.3 காயங்கள் என்றே வந்தது. தொழில்முறைக் கால்பந்தைவிட இது குறைவு. பளு தூக்கினால் உடம்பு கெட்டுவிடும் என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோருக்கு இந்த எண் பயன்படும்.

பெரிய விபத்துகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 175 கிலோவைத் தூக்கும்போது முட்டித் தசைநாண் அறுந்துபோன ஒரு வீரரின் படச்சுருளைச் சட்டம் சட்டமாகக் கணக்கிட்டு 1977இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. அறுந்த நொடியில் அந்த நாணின் மேல் இருந்த விசை அவருடைய உடல் எடையைப் போல் 17.5 மடங்கு. எனக்கு அந்த எண்ணில் பயத்தைவிட வியப்பே அதிகம். மனிதத் தசைநாண் அவ்வளவு வரைக்கும் தாங்குகிறது.

எந்த வலியோடு போகலாம்

மீராபாயின் கதைக்குத் திரும்புமுன் இதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் 2018இல் நடந்தது புரியாது.

முந்தாநாள் அதிகமாக ஸ்குவாட் (பளுவோடு குந்தி எழும் பயிற்சி) போட்டதால் தொடை முழுக்கப் பரவலாகக் கடுக்கிறது, தொட்டால் நோகிறது, இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கிறது, மூன்று நான்கு நாளில் போய்விடுகிறது என்றால் அது தசைக் கடுப்பு. 'லாக்டிக் ஆசிட் தங்கிவிட்டது' என்று ஜிம்களில் இன்னும் சொல்கிறார்கள். அது பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து வடிந்துவிடும். நாட்கணக்கில் நீடிக்கும் கடுப்புக்குக் காரணம் தசை நீண்டபடியே எடையைத் தாங்கும்போது நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைச் சரிசெய்ய உடம்பு எழுப்பும் அழற்சியும்தான். இந்த வலியோடு போகலாம். லேசாக அசைந்தால் சீக்கிரம் விடும்.

தசைநாண் வலியின் குணம் வேறு. ஓர் இடத்தை விரல்நுனியால் காட்ட முடியும். முதல் சில செட்டுகளில் வலிக்கும், உடம்பு சூடேறியதும் மறைந்துவிடும், 'சரியாகிவிட்டது' என்று நம்பி எடையை ஏற்றுவோம், மறுநாள் காலை இரட்டிப்பாக வரும். ஏமாற்றுகிற வலி இது. தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு, தசையைவிட மெதுவாகவே வலுப்பெறும். தொடை ஒரு பருவத்தில் வளர்ந்துவிடும்; அதை எலும்போடு கட்டும் நாண் பின்தங்கியிருக்கும். முழு ஓய்வு கொடுத்தால் வலி அடங்குமே தவிர நாண் தாங்கும் திறன் இன்னும் குறையும். அதனால்தான் இன்றைய சிகிச்சை எடையை அளந்து கொடுத்துக்கொண்டே இருப்பது. பத்துக்கு நான்கு ஐந்து வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வர வேண்டும், வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது என்பது பிசியோக்கள் (இயன்முறை மருத்துவர்கள்) கைக்கொள்ளும் அளவுகோல்.

பாதியில் விட்டுவிட வேண்டியவையும் உண்டு. காலுக்கோ கைக்கோ மின்சாரம் போல் ஓடும் வலி, மரத்துப்போதல், பிடி தானாக நழுவுதல், இரவில் புரண்டு படுக்கும்போது எழுப்பிவிடும் வலி, 'டப்' என்று சத்தம் கேட்டு உடனே வீங்குவது. சிறுநீர் கழிப்பதில் மாற்றமோ தொடை இடுக்கில் உணர்ச்சிக் குறைவோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. பெரிதாகக் காயம் தெரியாது, ஸ்கேன் கை விரிக்கும், ஓய்வெடுத்தால் அடங்கும், எடை கூடியதும் அதே இடத்தில் திரும்ப வரும். மீராபாய்க்கு வந்தது இதுதான்.

ஓய்வு, மீட்சி, மறுபடி வலி

2018இன் மீதி மாதங்கள் சிகிச்சையிலும் மெதுவான மீட்சியிலும் போயின. 2019 பிப்ரவரியில் தாய்லாந்தில் நடந்த ஈகேட் கோப்பையில் 192 கிலோ தூக்கித் தங்கத்தோடு திரும்பினார். அந்த ஆண்டு செப்டம்பரில் பட்டாயா உலகப் போட்டியில் 201 கிலோ, நான்காம் இடம். 2020 பிப்ரவரியில் தேசியப் போட்டியில் 203. வெளியிலிருந்து பார்த்தால் முதுகு குணமாகிவிட்டது.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் முகாமில் இருந்த வீரர்கள் விடுதியோடு அடைபட்டார்கள். பயிற்சி நின்றது. மறுபடி தொடங்கியபோது தோள் இறுகியிருந்தது, முதுகும் கூடவே தொல்லை கொடுத்தது.

நின்று தொடங்கும்போதுதான் பெரும்பாலான பழைய வலிகள் தலைதூக்குகின்றன. நம் ஊரில் பொங்கல் விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளிடம்கூட இதைப் பார்க்கலாம். மனமும் நரம்பும் பழைய எடையை நினைவில் வைத்திருக்கும். நாண்கள் பல படி இறங்கியிருக்கும். இரண்டுக்கும் உள்ள தூரத்தை வலி நிரப்பும். ஆனால் மீராபாயின் விஷயத்தில் இதோடு முடிக்க முடியாது. ஏனென்றால் மறுபடி வலித்தது அதே முதுகு. ஓய்வு வலியை அடக்கியது, வலி வரும் வழியை அடைக்கவில்லை.

பயிற்சியாளர் விஜய் சர்மா இதில் எடுத்த முடிவைப் பாராட்ட வேண்டும். ஒலிம்பிக் நெருங்கும் நேரத்தில் பெரும்பாலோர் வலி மாத்திரையும் ஸ்பிரேயும் துணைக்கு வைத்துக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். அவரும் மீராபாயுமோ 2020 இறுதியில் அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே ஆரோன் ஹார்ஷிக் என்பவரிடம் காட்டினார்கள். அவர் இயன்முறை மருத்துவர், தானே பளுதூக்கியவர். இந்த இரண்டாவது தகுதியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. படுக்கையில் படுக்கவைத்து முதுகை அமுக்கிப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் தகவல் ஒன்று. ஆள் பாரைத் தூக்கும்போது எந்த நொடியில் எந்தப் பக்கம் சரிகிறார் என்று பார்க்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் தகவல் வேறு.

அங்கே கண்டது தோள்பட்டையில் இருந்த சமநிலைக் குறைபாடு. பழைய காயத்தின் மிச்சம். இரண்டு தோள்களும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை.

தோள் எப்படி முதுகை வலிக்க வைக்கும்

ஸ்னாட்ச்சின் அடிநிலையை நினைத்துப் பாருங்கள். முழுதாகக் குந்தியிருக்கிறார். கைகள் அகலமாக விரிந்து, முழங்கை மடங்காமல் 87 கிலோவைத் தலைக்குக் கொஞ்சம் பின்னால் தாங்குகின்றன. பார் அசையாமல் நிற்க, பளுவின் மையம் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். ஒரு தோள் முழுதாகப் பின்னால் திறக்கவில்லை என்றால், அல்லது அந்தப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் தசைகள் ஒரு கணம் தாமதித்தால், பாரின் ஒரு முனை முன்னால் வரும். விழாமல் இருக்க உடம்பு எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். கை நீட்டியாயிற்று, இடுப்புமூட்டு முழுதாக மடங்கியாயிற்று. மிச்சம் இருக்கும் ஒரே இடம் கீழ்முதுகு. அது கொஞ்சம் அதிகமாகப் பின்வளையும், கொஞ்சம் ஒருபக்கமாகத் திரும்பும்.

ஒரு தடவை நடந்தால் ஒன்றுமில்லை. முதுகு அதற்கும் சேர்த்துத்தான் படைக்கப்பட்டிருக்கிறது. அதே பக்கம், அதே திருப்பம், பயிற்சிக்கு எத்தனையோ முறை, ஆண்டுகளாக என்றால் முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகளும் அவற்றைச் சுற்றிய தசைகளும் கணக்கு வைத்துக்கொள்ளும். வலி அங்கேதான் வரும். மருத்துவர் அங்கேதான் பார்ப்பார். அங்கே பெரிதாக எதுவும் இருக்காது.

ஸ்கேன் எடுத்தால் ஏதாவது தெரிந்துவிடுவதும் ஒரு சிக்கல்தான். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த 33 ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள், 3,110 பேர். எந்த வலியும் இல்லாத இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 30 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. ஆகவே பளுதூக்கும் ஒரு பிள்ளையின் அறிக்கையில் 'டிஸ்க் பல்ஜ்' என்று ஒரு வரி வந்துவிட்டால் அதுவே வலிக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. அந்த வரியைப் படித்துவிட்டுப் 'பளுவைத் தொடவே கூடாது' என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். அப்படி அனுப்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். வாழ்நாள் முழுக்க முதுகைக் கண்ணாடிப் பாத்திரமாக நினைத்துப் பயந்து நடக்கும்படி ஆக்கிவிடுகிறோம்.

இப்படிப்பட்ட தோள் குறைபாட்டுக்குத் தரும் பயிற்சிகளில் பார்ப்பதற்குப் பெருமைப்பட ஒன்றுமிருக்காது. ஒரு கையால் மட்டும் தூக்கி நிறுத்துவது, ரப்பர் பட்டையை இழுப்பது, தோள்பட்டை எலும்பைக் கீழேயும் பின்னேயும் பிடித்துவைத்து மெதுவாகக் கையை ஏற்றுவது, வெறும் பாரோடு ஸ்னாட்ச் நிலையில் குந்திச் சில நொடி நிற்பது. இருகைப் பார் குறைபாட்டை மறைத்துவிடும், வலுவான பக்கம் ஈடுகொடுத்துவிடும். ஒரு கையில் சின்ன எடையைக் கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். உலகச் சாம்பியனாக இருந்த ஒருவர், ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருக்கும்போது, ஐந்து கிலோவுக்கும் பத்து கிலோவுக்கும் இறங்கி வந்து இப்படி வேலை செய்யப் பொறுமை வேண்டும். பெரும்பாலானோர் தோற்பது இந்தப் பொறுமையில்தான்.

2021 ஏப்ரல், தாஷ்கண்ட், ஆசியச் சாம்பியன்ஷிப். ஸ்னாட்ச்சில் முதல் இரண்டு முயற்சிகளும் தவறின. மூன்றாவதில் 86 நின்றது. தோளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை என்றே அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. பிறகு கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ, உலகச் சாதனை. அடுத்த மாதமே மறுபடி அமெரிக்கா போய்ப் பயிற்சி செய்துவிட்டு, அங்கிருந்து நேரே டோக்கியோ ஒலிம்பிக். ஜூலை 24 அன்று 87, 115, மொத்தம் 202, வெள்ளிப் பதக்கம்.

எதை உறுதியாகச் சொல்லலாம்

தோளைத் திருத்தியதும் முதுகு சரியானது, ஆகவே தோள்தான் காரணம் என்று கோடு போடுவது எளிது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். தோளுக்கு வேலை நடந்த அதே காலத்தில் பளுவின் அளவும் மாறியது. தினமும் கவனிக்க ஆள் இருந்தார். வலிக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. விளக்கம் கிடைப்பதே வலியைக் குறைக்கும். எதற்கென்று தெரியாத வலியை மூளை பெரிதாக்கிக் காட்டும். இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்று ஒரே ஒரு ஆளின் கதையிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. எனினும் 2018இன் ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்த வலி, இந்த வேலைக்குப் பிறகு அவரை ஒலிம்பிக் மேடையிலிருந்து தடுக்கவில்லை. இது பதிவில் இருப்பது. வலிக்கும் இடத்தை மட்டும் பார்ப்பது போதாது, தூக்கும் அசைவை முழுதாகப் பார்க்க ஒருவர் வேண்டும் என்ற முடிவுக்கு வர எனக்கு இது போதும்.

அந்த ஒருவர் இல்லாமல் போவதை 2018லேயே பார்த்தோம். கோல்ட் கோஸ்டில் இந்தியப் பளுதூக்குபவர்களோடு போட்டி அரங்குக்குள் இருக்கப் பிசியோ இல்லை. தங்கம் வென்ற கையோடு மீராபாயே இதை வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். அதே அணியில் நம் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ்குமார் சிவலிங்கமும் இருந்தார். தேசியப் போட்டியில் 194 கிலோ ஜெர்க்குக்கு முயன்றபோது அவருடைய முன்தொடைத் தசை காயப்பட்டிருந்தது. பதக்க நம்பிக்கையையே இழந்திருந்ததாகச் சொன்னார். தொடையில் வலியோடு 144, 173 தூக்கி 317 கிலோவில் 77 கிலோ பிரிவின் தங்கத்தை வென்றார். 2014இல் கிளாஸ்கோவில் தங்கம் வென்றபோது அவர் தூக்கியது 328. வலிக்கு அவர் கொடுத்த விலை 11 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்து வீரர் 312இல் நின்றதால் அந்த விலை கட்டுப்படியானது. இன்னொரு ஆறு கிலோ கூடுதலாக அவர் தூக்கியிருந்தால் நம் ஆளின் தொடை என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். அப்படி ஒரு நாளில் வீரரின் பக்கத்தில் கைதேர்ந்த பிசியோ இருக்க வேண்டியது சலுகை கிடையாது.

இடம் மாறிய வலிகள்

டோக்கியோவோடு வலி முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 பர்மிங்ஹாமில் 201 கிலோவோடு காமன்வெல்த் தங்கம். அடுத்த மாதங்களில் மணிக்கட்டு. அந்த மணிக்கட்டோடுதான் டிசம்பரில் பொகோட்டா உலகப் போட்டியில் 200 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். 2023 செப்டம்பர் 30, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி: இடுப்பில் காயம், 117 கிலோவுக்கு முயன்று சரிந்தார், 191 கிலோவோடு நான்காம் இடம். பிறகு மாதக்கணக்கில் பளுவிலிருந்து விலகி மறுவாழ்வுப் பயிற்சி. 2024 வசந்தத்தில் புக்கெட் உலகக் கோப்பையில் 184 கிலோவோடு திரும்பினார். அங்கே அவருக்கு வேண்டியிருந்தது மேடையேறுவது மட்டுமே. பாரிஸ் ஒலிம்பிக் தகுதிக்கு அது போதும். அவசரப்பட்டு எடையை ஏற்றாமல் 184இல் நின்றதை நான் இந்த ஏழாண்டுக் கதையின் மிக முதிர்ச்சியான தருணங்களில் ஒன்றாகப் பார்க்கிறேன்.

பாரிஸில் ஆகஸ்ட் 7 அன்று 88, 111, மொத்தம் 199. வெண்கலம் வென்ற தாய்லாந்து வீராங்கனை தூக்கியது 200. மாதவிடாயின் மூன்றாம் நாள், உடம்பு சோர்ந்திருந்தது என்று போட்டி முடிந்ததும் மீராபாய் சொன்னார். பெண் விளையாட்டாளர்களின் அன்றாட வலிகளில் பயிற்சியாளர்கள் குறிப்பேட்டில் எழுதவே கூசுகிற ஒன்றை, உலகமே கேட்கும் இடத்தில் அவர் சாதாரணமாகச் சொன்னது பெரிய காரியம். அடிவயிற்று இழுப்பும் இடுப்புக் கடுப்பும் இருக்கும் நாளில் கீழ்முதுகு வலியைப் படிப்பதே வேறு கணக்கு. நம் ஊர்ப் பயிற்சி முகாம்களில் பெண் பிள்ளைகளின் பயிற்சி ஏட்டில் இந்தத் தேதிகள் இடம்பெற வேண்டும். எழுதுவது அந்தப் பிள்ளையே, படிப்பது அவள் அனுமதிக்கிறவர் மட்டும் என்ற ஒழுங்கோடு.

எடைக் குறைப்பும் இந்தக் கணக்கில் வரும். போட்டிக்கு முந்தைய நாட்களில் தண்ணீரையும் உப்பையும் குறைத்து உடம்பை வற்றவைக்கிறார்கள். வற்றிய தசை பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. மாவட்டப் போட்டிகளில் எடை பார்க்கும் மேசைக்குப் பக்கத்திலேயே மாத்திரை கைமாறுவதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. வலியை மறைத்த மாத்திரை, நிறுத்து என்று சொல்ல வந்த எச்சரிக்கையையும் சேர்த்து மறைத்துவிடும். ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பு, வெந்நீர்க் குளியல் ஆகியவை உடம்பைத் தளர்த்தும், இதமாக இருக்கும். அவற்றோடு சண்டை போட எனக்கு எந்தக் காரணமும் இல்லை, அடுத்த நாளின் எடையை அவை தீர்மானிக்காத வரைக்கும்.

2025இன் நிலை

2025 அக்டோபர் 2, நார்வேயின் ஃபோர்டே நகரில் உலகச் சாம்பியன்ஷிப். எடைப் பிரிவுகள் மாற்றப்பட்டு 48 கிலோ திரும்பி வந்திருந்தது. 31 வயதில் இன்னும் ஒரு கிலோ குறைக்க வேண்டியிருந்தது. ஸ்னாட்ச்சில் 84 நின்றது, 87 இரண்டு முறையும் தவறியது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 109, 112, 115 மூன்றும் நின்றன. மொத்தம் 199, வெள்ளி.

இந்த எண்களை நான் வலியின் பதிவாகவும் படிக்கிறேன். டோக்கியோவில் தூக்கிய அதே 115ஐ நான்கு ஆண்டு கழித்து, ஒரு கிலோ இலகுவான உடம்பில், அத்தனை காயங்களுக்கும் பிறகு தூக்கியிருக்கிறார். கால், இடுப்பு, முதுகு வேலை செய்கின்றன. ஸ்னாட்ச் மட்டும் டோக்கியோவைவிட மூன்று கிலோ குறைவு. தோள் அகலத் திறந்து தனியாகப் பொறுப்பேற்க வேண்டிய தூக்கு அதுதான். தாஷ்கண்டில் தடுமாறியதும் அதில்தான். நான் அவருடைய குழுவில் இருந்தால் அடுத்த பருவத்தில் முதலில் பார்க்கச் சொல்வது, 80 கிலோவைத் தலைக்கு மேல் வைத்துக் குந்தியிருக்கும்போது இரண்டு தோள்களும் ஒரே நொடியில் பூட்டிக்கொள்கின்றனவா என்பதை.